ஒரு வீடு, பல பெயர்கள்: தென்னாப்பிரிக்காவில் கூட்டு உரிமை என்பது என்ன?

"வீடு எங்கள் இருவர் பெயரிலும்தான் இருக்கிறது" என்ற பேச்சை டர்பனைச் சுற்றியுள்ள நம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கலாம். சொல்பவரும் கேட்பவரும் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு என்று நம்பிவிடுகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கிய வீடு, அண்ணன் தம்பிகள் பணம் போட்டு வாங்கிய வீடு, தந்தை காலமானபின் பிள்ளைகளுக்கு வந்த வீடு, அடுக்குமாடிக் கட்டடத்தில் உள்ள ஃபிளாட் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். சட்டத்தின் பார்வையிலோ இவை ஒரே வகை உரிமை அல்ல. ஒருவர் இறக்கும்போது, கடனில் மூழ்கும்போது, மணமுறிவு நேரும்போது, தன் பங்கை விற்க நினைக்கும்போதுதான் வேறுபாடு வெளியே தெரிகிறது. பெரும்பாலும் அப்போது அதைச் சரிசெய்யும் காலம் கடந்துபோயிருக்கும்.

சொத்து மாற்றப் பத்திரங்களைத் தயாரிக்கும் அலுவலகத்தில் நெடுங்காலம் எழுத்தராக இருந்தவன் நான். குழப்பத்தோடு வரும் குடும்பங்களில் இரண்டு நம்பிக்கைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இருவர் பெயரில் வீடு இருந்து ஒருவர் இறந்தால் மற்றவருக்கு முழு வீடும் தானாக வந்துவிடும் என்பது ஒன்று. தாத்தா வாங்கிய நிலத்தில் பேரனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்பது மற்றொன்று. முன்னது இங்கிலாந்துச் சட்டத்தில் உள்ள ஒரு முறை. பின்னது இந்தியாவின் இந்துக் கூட்டுக்குடும்பச் சட்டத்தைச் சேர்ந்தது. இரண்டும் அந்தந்த நாட்டில் உண்மையே. ஆனால் ரோமன் டச்சுச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்ட தென்னாப்பிரிக்கச் சொத்துச் சட்டத்தில் இரண்டுக்கும் இடமில்லை.

ஒரு குடம் பால்

கோயில் திருவிழாவுக்கு மூன்று வீட்டார் ஒரே குடத்தில் பால் ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டார் 1 லிட்டர், மற்றொரு வீட்டார் 2 லிட்டர், மூன்றாம் வீட்டார் 3 லிட்டர் ஊற்றுகிறார்கள். ஊற்றியபின் "இந்தத் துளி எங்கள் வீட்டுத் துளி" என்று எவராலும் காட்ட முடியாது. ஆனால் குடத்தில் ஆறில் ஒரு பங்கு, ஆறில் இரண்டு பங்கு, ஆறில் மூன்று பங்கு என்று யாருக்கு எவ்வளவு என்பதில் ஐயமே இல்லை. ஒவ்வொரு துளியிலும் மூவருக்கும் அந்த அளவில் உரிமை உண்டு.

நிலத்தின் கூட்டு உரிமையும் இப்படித்தான் இயங்குகிறது. அளவு தெரியும், இடம் தெரியாது. இப்படி முழுச் சொத்திலும் பரவி நிற்கும் பங்கைப் பிரிபடாப் பங்கு என்பார்கள். பாதிப் பங்கு உடையவருக்கு வீட்டின் இடப்பக்கமோ வலப்பக்கமோ சொந்தமில்லை. ஒவ்வொரு செங்கல்லிலும் பாதி சொந்தம். பத்திரத்தில் பங்கின் அளவு குறிப்பிடப்படவில்லை என்றால் எல்லோருக்கும் சமபங்கு என்றே சட்டம் கொள்கிறது.

இந்த ஒரு கருத்து மனத்தில் பதியாததால்தான் பின்கட்டு வீட்டைப் பற்றிய சண்டைகள் எழுகின்றன. நம் பகுதிகளில் இது மிகப் பரிச்சயமான கதை. அண்ணன் முன்வீட்டில் இருக்கிறார். தம்பிக்குத் திருமணம் ஆனதும் அவர் தன் சேமிப்பைச் செலவழித்து முற்றத்தில் அவுட்பில்டிங் எழுப்பிக் குடியேறுகிறார். இருபது ஆண்டுகள் கழித்து, "முன்வீடு அண்ணனுடையது, பின்வீடு என்னுடையது" என்று அவர் மனதார நம்புகிறார். நிலத்தின்மேல் நிலையாகக் கட்டப்பட்டது எதுவும் நிலத்தோடு சேர்ந்துவிடும் என்பது சட்டம். நிலம் இருவர் பெயரிலும் இருந்தால் பின்வீடும் இருவருக்கும் உரியது. முன்வீட்டில் தம்பிக்கும் பங்கு உண்டு, பின்வீட்டில் அண்ணனுக்கும் பங்கு உண்டு. நிலம் அண்ணன் பெயரில் மட்டும் பதிவாகியிருந்தால் தம்பி கட்டிய வீடு அண்ணனுடையதாகவே ஆகிவிடும். கட்டியதற்கான செலவைக் கேட்கத் தம்பிக்கு வழி இருக்கலாம்; வீடு என்னுடையது என்று சொல்ல வழி இல்லை. யார் எந்த அறையில் வாழ்வது என்பது பயன்பாட்டுக்கான ஏற்பாடு மட்டுமே, அதனால் உரிமை மாறுவதில்லை.

"நாங்கள் மூவரும்தான் பணம் கொடுத்தோம், பத்திரத்தில் மட்டும் அண்ணன் பெயரைப் போட்டோம்" என்று சொல்பவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நிலத்தின் உரிமை பொதுவாகப் பத்திரப் பதிவகத்தில் பதிவு செய்யும்போதுதான் கைமாறுகிறது. நில விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து கையொப்பமிடப்பட வேண்டும் என்பதை 1981ஆம் ஆண்டின் நில விற்பனைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகவே வாய்ப்பேச்சின் பலத்தில் எவரும் நிலத்தின் உரிமையாளர் ஆவதில்லை.

சுருக்கமாக: கூட்டு உரிமையாளருக்கு இருப்பது முழுச் சொத்திலும் ஒரு விகிதம். எந்த அறையும் எந்த மூலையும் தனியாக அவருடையது அல்ல. பின்னால் பார்க்கப்போகும் திருமணச் சொத்தைத் தவிர, அந்த உரிமையும் பொதுவாகப் பதிவேட்டில் இருந்தால்தான் செல்லும்.

கட்டற்ற கூட்டு உரிமை

சகோதரர்கள், நண்பர்கள், மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள் ஆகியோர் ஒரு வீட்டைச் சேர்ந்து வாங்கும்போது அவர்களுக்குள் இருக்கும் ஒரே சட்ட உறவு அந்த வீடுதான். வேறு எந்தப் பிணைப்பும் இல்லாததால் இதைக் கட்டற்ற கூட்டு உரிமை என்கிறார்கள். இதில் ஒவ்வொருவரும் தன் பிரிபடாப் பங்கை மற்றவர்களின் சம்மதம் கேட்காமலே விற்கலாம், உயில் எழுதி விடலாம், அடமானமும் வைக்கலாம். அண்ணன் தன் பாதியை முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்றுவிட்டால், மறுநாள் முதல் தம்பியின் கூட்டு உரிமையாளர் அந்த அந்நியர்தான். "முதலில் எனக்குத்தான் விற்க வேண்டும்" என்ற முன்னுரிமை, இருவரும் முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதியிருந்தால் மட்டுமே உண்டு. எழுதியிருக்கும் குடும்பங்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். இது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம், ஏனெனில் அந்த ஒப்பந்தத்தை எழுதுவது கடினமான வேலை அல்ல.

தன் பங்கின்மேல் இவ்வளவு சுதந்திரம் உள்ள ஒருவருக்கு முழுச் சொத்தின்மேல் அந்தச் சுதந்திரம் இல்லை. வீட்டை இடித்துக் கட்டுவதற்கும், முழு வீட்டையும் வாடகைக்கு விடுவதற்கும், முழுச் சொத்தையும் அடமானம் வைப்பதற்கும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். வாடகை வந்தால் பங்கின்படி பிரிய வேண்டும். நகராட்சி வரியும் அவசியமான பழுதுபார்ப்புச் செலவும் அதே விகிதத்தில்தான். வங்கிக் கடன் மட்டும் இந்த விகிதத்துக்கு வழக்கமாகக் கட்டுப்படுவதில்லை. மூவரும் சேர்ந்து பாண்டில், அதாவது வீட்டுக் கடனுக்கான அடமானப் பத்திரத்தில், கையொப்பமிட்டால், ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு என்றே வங்கி வழக்கமாக எழுதி வாங்கும். மூன்றில் ஒரு பங்கு உடையவர் மூன்றில் ஒரு பங்குக் கடனைக் கட்டிவிட்டு விலகிக்கொள்ளலாம் என்று எண்ணிக் கையொப்பமிடக் கூடாது.

ஒருவர் இறந்தால்

இங்கிலாந்துச் சட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உரிமையாளர்கள் தனித்தனிப் பங்கு இல்லாமல் ஒரே ஆள் போலச் சொத்தை வைத்திருப்பார்கள். ஒருவர் இறந்தால் உயிரோடு இருப்பவருக்கு முழுவதும் சேரும், இறந்தவரின் உயிலுக்கும் அங்கே வேலை இல்லை. இதை எஞ்சியவர் உரிமை என்று அழைக்கலாம். மற்றொன்றில் ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு உண்டு, அது அவரவர் வாரிசுக்குப் போகும். ஆங்கிலத்தில் சொத்தைப் பற்றிப் படிக்கும் எவர் கண்ணிலும் இந்த இரண்டும் படும். அதனால் இங்கேயும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் நிலத்தில் கூட்டு உரிமையாக இருப்பது இரண்டாவது வகையைப் போன்றதே. இறந்தவரின் பங்கு மற்றக் கூட்டு உரிமையாளரிடம் தானாகப் போவதில்லை. அது இறந்தவரின் மரபுரிமைச் சொத்தில் சேர்ந்து, உயர்நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலக மேற்பார்வையில் நிர்வகிக்கப்பட்டு, உயில் இருந்தால் உயிலின்படியும், இல்லாவிட்டால் 1987ஆம் ஆண்டின் உயிலில்லா வாரிசுரிமைச் சட்டத்தின்படியும் போய்ச் சேரும். ஆகவே அக்காளும் தங்கையும் பாதிப் பாதியாக வாங்கிய வீட்டில் அக்காள் உயில் எழுதாமல் இறந்தால், அவளுடைய பாதி அவள் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். தங்கைக்குத் தன் பாதி மட்டுமே நிற்கும். ஒருவரின் பாதி மற்றவரிடமே சேர வேண்டும் என்று இருவரும் விரும்பினால் இருவரும் உயில் எழுதியே ஆக வேண்டும்.

பூர்வீகச் சொத்து என்ற சொல்

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலில் இறக்கியது. ஒப்பந்தம் முடிந்தபின் இங்கேயே தங்கியவர்களில் பலர் குடும்பமாகச் சேர்ந்து நிலத்தை உழுதார்கள், வாங்கினார்கள். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் அவர்களின் வழிவந்தவர்களைக் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து அகற்றி, சாட்ஸ்வொர்த் முதலிய குடியிருப்புகளுக்கு அனுப்பியது. இந்த வரலாற்றால், வீடு என்றாலே அது குடும்பம் முழுவதற்கும் உரியது என்ற உணர்வு நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனாலும் அது சட்டம் அல்ல என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இந்தியாவில் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு வருகிறது. 2005ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப்பின் மகளுக்கும் அதே உரிமை உண்டு. தமிழில் சொத்துரிமை பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி அந்தச் சட்டத்தை மனத்தில் வைத்தே எழுதப்படுவதால், அதைப் படிக்கும் நம் இளைஞர்கள் தங்களுக்கும் அது பொருந்தும் என்று எண்ணுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் தந்தை தன் பெயரில் உள்ள வீட்டைத் தாம் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். அது அவருடைய தந்தை வாங்கியதாக இருந்தாலும் மாற்றம் இல்லை. பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. வீட்டில் பிறப்புப் பங்கு என்று எதுவும் இல்லை.

திருமணம் என்ற கட்டு

சகோதரர்களின் கூட்டு உரிமையைக் கட்டற்றது என்றோம். அதற்கு எதிரானது பிணைந்த கூட்டு உரிமை. இதில் சொத்துக்கு வெளியே மற்றொரு சட்ட உறவு இருந்து அதுவே உரிமையைக் கட்டிப்போடுகிறது. இதன் மிகப் பெரிய எடுத்துக்காட்டு திருமணம்.

திருமணத்துக்கு முன் நோட்டரி முன்னிலையில் தனி ஒப்பந்தம் செய்யாமல் பதிவுத் திருமணம் செய்பவர்கள், பொதுவாகச் சொத்துப் பொதுமையில் மணந்தவர்கள் ஆகிறார்கள். அதாவது திருமணத்துக்கு முன் இருந்ததும் பின் வந்ததும், கடனும் உட்பட, இருவருக்கும் பொதுவான ஒரே தொகுதியாகிவிடும். வீடு கணவன் பெயரில் மட்டும் வாங்கப்பட்டது என்ற வாதம் இங்கே எடுபடாது. ஆனால் மனைவி தன் பாதியை மட்டும் தனியே விற்க முடியாது, கணவனும் முடியாது. வீட்டை விற்க மற்றவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1984ஆம் ஆண்டின் திருமணச் சொத்துச் சட்டம் சொல்கிறது. கணவனின் கடன்காரர் முழுத் தொகுதியையும் தொட முடியும் என்பது இதன் கடுமையான முகம்.

இந்தத் தொகுதி மரணத்தில் எப்படிப் பிரிகிறது என்பதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். வீட்டின் மதிப்பு 12,00,000 ராண்ட், கடன் இல்லை, வேறு சொத்தும் இல்லை, கணவன் உயில் எழுதாமல் இறக்கிறார், மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதலில் 6,00,000 ராண்ட் மனைவியின் சொந்தப் பாதி. அது வாரிசுரிமையாக வருவதன்று, ஏற்கெனவே அவருடையது. கணவனின் 6,00,000 ராண்டை மனைவி, மூன்று பிள்ளைகள் என நால்வராகப் பிரித்தால் ஆளுக்கு 1,50,000 வரும். ஆனால் துணைவருக்கு இந்தப் பிள்ளைப் பங்கு அல்லது 2,50,000 ராண்ட், இவற்றில் எது பெரிதோ அது கிடைக்கும். எனவே மனைவிக்கு 2,50,000 போக, மீதி 3,50,000 மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகிறது. முடிவில் வீட்டில் மனைவியின் பங்கு 8,50,000 ராண்ட் மதிப்புடையது. மீதிக்குப் பிள்ளைகள் அவருடைய கூட்டு உரிமையாளர்கள். "வீடு தானாக அம்மாவுக்கு வந்துவிடும்" என்று நம்பிய குடும்பத்தில் அம்மா வீட்டை விற்க இனி மூன்று பிள்ளைகளும் சேர்ந்தே கையொப்பமிட வேண்டும்.

ஒப்பந்தம் செய்துகொண்டு சொத்துப் பொதுமைக்கு வெளியே மணந்தவர்கள் இருவர் பெயரிலும் வீடு வாங்கினால், அவர்கள் கணவன் மனைவியாக இருந்தாலும் அந்த வீட்டைப் பொறுத்தவரை கட்டற்ற கூட்டு உரிமையாளர்களே. ஒருவரின் கடன்காரர் அவருடைய பங்கை மட்டுமே தொட முடியும். 1984 நவம்பர் 1ஆம் நாளுக்குப்பின் இப்படி மணந்தவர்களுக்கு, ஒப்பந்தத்தில் விலக்கியிருந்தால் அன்றி, பெருக்கப் பகிர்வு என்ற முறை பொருந்தும். திருமணக் காலத்தில் ஒருவர் சொத்து மற்றவர் சொத்தைவிட அதிகமாக வளர்ந்திருந்தால், அந்த வேறுபாட்டில் பாதியைக் குறைவாக வளர்ந்தவர் பணமாகக் கேட்கலாம் என்பதே அது. அதனால் வீட்டின் உரிமையாளர் மாறுவதில்லை.

கோயிலில் மணவறை வைத்துத் தாலி கட்டியும் திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஒருதார இந்து முறைத் திருமணத்தின் மனைவியை, உயில் இல்லாதபோது வாரிசாகும் துணைவராக டர்பன் உயர்நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் அது வாரிசுரிமை பற்றியது. பதிவில்லாத சடங்குத் திருமணத்தால் மட்டும் சொத்துப் பொதுமை உண்டாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. முப்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த வீடு கணவன் பெயரில் மட்டும் இருந்தால், அவர் உயிரோடிருக்கும்போதே "பாதி என்னுடையது" என்று சொல்ல அந்த மனைவிக்குச் சட்டத் துணை மிகக் குறைவு.

இதையொட்டி மகளுக்குச் சொத்து விடும் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மகள் சொத்துப் பொதுமையில் மணந்தவளாக இருந்தால், அவளுக்கு உயிலில் வரும் பங்கும் அந்தப் பொதுத் தொகுதியில் விழுந்து பாதி மருமகனுடையதாகிவிடும். "இது பொதுத் தொகுதியில் சேரக் கூடாது" என்று உயிலில் எழுதினால் சேராது.

சுருக்கமாக: கட்டற்ற உரிமையில் பங்கு தனித்து நடமாடும். பிணைந்த உரிமையில் உறவு இருக்கும்வரை பங்கு தனித்து நகராது.

ஃபிளாட், அறக்கட்டளை, ஆயுள் உரிமை

ஃபிளாட் வாங்குபவர் 1986ஆம் ஆண்டின் பகுதி உரிமைச் சட்டத்தின்கீழ் இரண்டை ஒருசேரப் பெறுகிறார். சுவர்களுக்குள் இருக்கும் பகுதி அவருடைய தனி உரிமை. மாடிப்படி, கூரை, வெளிச்சுவர், நிலம் ஆகியவற்றில் மற்ற எல்லோரோடும் பிரிபடாப் பங்கு. பொது இடத்தின் பங்கை மட்டும் தனியே விற்க முடியாது என்பதால் இதுவும் பிணைந்த உரிமையே.

குடும்ப அறக்கட்டளையின் பெயரில் வீடு இருந்தால், அதில் பயனாளியாகக் குறிக்கப்பட்டவர்கள் கூட்டு உரிமையாளர்கள் அல்ல. அறங்காவலர்களே சொத்தை வைத்திருக்கிறார்கள். வீடு மகன் பெயரில் இருந்து தாய்க்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை பதிவாகியிருந்தால், தாயும் கூட்டு உரிமையாளர் அல்லர். ஆனால் அந்த உரிமை பத்திரத்தில் இருக்கும்வரை அவரை எவரும் வெளியேற்ற முடியாது. வயதான பெற்றோருக்கு இதை நான் பெரிதும் பரிந்துரைப்பேன்.

ஒத்துப்போகாவிட்டால்

விருப்பமில்லாத ஒருவரைக் கட்டற்ற கூட்டு உரிமையில் என்றென்றும் கட்டிவைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பிரித்துக்கொள்ள உடன்பாடு வராவிட்டால் எந்தக் கூட்டு உரிமையாளரும் நீதிமன்றத்தை அணுகலாம். நீதிமன்றம் நிலத்தை நேராகப் பிரிக்கலாம், ஒருவருக்கே கொடுத்து மற்றவர்களுக்குப் பணம் தரச் சொல்லலாம், அல்லது ஏலம் விட்டுப் பணத்தைப் பங்கிடலாம். சாட்ஸ்வொர்த்தின் சிறு மனைகளில் நேராகப் பிரிப்பது இயலாது என்பதால் மற்ற இரண்டுமே நடக்கும். வழக்குச் செலவும் அந்த வீட்டின் மதிப்பிலிருந்தே கரையும்.

டோங்காட், ஸ்டேஞ்சர் பக்கம் கரும்புத் தோட்டம் உள்ளவர்கள் மேலும் ஒன்றை அறிய வேண்டும். விவசாய நிலம் துண்டாவதைத் தடுக்க 1970ஆம் ஆண்டில் வந்த 70ஆம் எண் சட்டம், அமைச்சரின் எழுத்து மூலமான ஒப்புதல் இன்றி விவசாய நிலத்தில் புதிய பிரிபடாப் பங்குகள் உண்டாவதையும் தடை செய்தது. ஒருவர் பெயரில் உள்ள தோட்டத்தை "என் ஐந்து பிள்ளைகளுக்கும் சமமாக" என்று உயிலில் எழுதினால் மட்டும் போதாது. எழுதும் முன்பே கன்வேயன்சரை, அதாவது சொத்து மாற்றம் செய்யத் தகுதி பெற்ற வழக்கறிஞரை, கலந்துகொள்ள வேண்டும்.

பத்திரத்தில் எங்கே பார்ப்பது

குவாசூலு நேட்டாலில் உள்ள நிலங்களின் பதிவேடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் இருக்கிறது; கட்டணம் செலுத்தி எவரும் நகல் பெறலாம். பாண்ட் உள்ள வீட்டின் மூலப் பத்திரம் வழக்கமாக வங்கியிடம் இருக்கும் என்பதால், பலர் தம் பத்திரத்தைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. நகல் கைக்கு வந்ததும் உரிமையாளர் பெயர்கள் வரும் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்குப்பின் அடையாள எண்ணும், அதன்பின் திருமண நிலையும் எழுதப்பட்டிருக்கும். சொத்துப் பொதுமையில் மணந்தவர்கள் என்று இருந்தால் அது பிணைந்த உரிமை. மணமாகாதவர் என்றோ சொத்துப் பொதுமைக்கு வெளியே மணந்தவர் என்றோ இருந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பாதி, மூன்றில் ஒன்று என்று பங்கு குறிக்கப்பட்டிருந்தால் அது கட்டற்ற உரிமை. ஆயுள் உரிமை போன்ற கட்டுப்பாடுகளைப் பின்வரும் நிபந்தனைப் பக்கங்களிலும், பதிவுக்குப்பின் நேர்ந்த மாற்றங்களைப் பத்திரத்தில் இடப்பட்ட முத்திரைக் குறிப்புகளிலும் தேட வேண்டும்.